அரை மணி நேரத்துக்குள்

குடற்புழுவைக் கண்டுபிடிக்க எந்தப் பரிசோதனை நம்பகமானது என்று பார்க்க, உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு குழு மல மாதிரி சேகரித்துக்கொண்டிருந்தது. இளமதி அதில் லேப் டெக்னீஷியன். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். ஒன்று, உப்புக் கரைசலில் முட்டைகளை மிதக்கவிட்டு எடுப்பது. இன்னொன்று, சலித்த மலத்தை ஸ்லைடில் வைத்து, கிளிசரினில் ஊறிய தாளால் மூடி எண்ணுவது.

பதினொரு பேருக்கு இரண்டும் ஒத்துப்போகவில்லை. மிதக்கவிட்டதில் கொக்கிப்புழு முட்டை இருந்தது, ஸ்லைடில் ஒன்றுமில்லை.

"மிதக்கவிட்டதுல வேற எதையாவது முட்டைன்னு எண்ணியிருப்பீங்க" என்றார் குழுத் தலைவர் கலைச்செல்வன்.

இளமதிக்குக் கோபம் வரவில்லை. பதினாறு வருஷம் மைக்ராஸ்கோப்பில் பழகிய கண் அவளுக்கு.

"கண்ணுல தப்பில்ல சார், நேரத்துலதான். ஸ்லைடை இங்க அங்கன்வாடியில போட்டுட்டு, காஞ்சிபுரம் லேபுக்குப் போய் சாயங்காலம் பாக்கறோம். கொக்கிப்புழு முட்டைக்கு ஓடு மெல்லிசு. அரை மணி தாண்டினா கிளிசரின்ல மறைஞ்சிடும். நாளைக்கே காட்டறேன்."

மறுநாள் காலையில் மைக்ராஸ்கோப்பை அங்கன்வாடிக்கே கொண்டுவந்தாள். அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி, நாற்று நடவுக்குப் போகும் ஆதிலட்சுமி, புது மாதிரியோடு வந்தாள். அவளுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழு கிராமுக்கு மேல் ஏறவே இல்லை.

"ஆறு மாசமா சத்து மாத்திரை துன்னுகினுதான் கீறேன். வரப்பு ஏறினாலே மூச்சு வாங்குது. எனக்கு இன்னாதான் கீது?"

"இன்னிக்குத் தெரிஞ்சிடும்க்கா."

ஸ்லைடு போட்ட இருபதாவது நிமிஷம் கலைச்செல்வன் குனிந்து பார்த்தார். மெல்லிய ஓட்டோடு நீள்வட்ட முட்டைகள். பதினான்கு எண்ணினார். ஒன்றரை மணி நேரம் கழித்து அதே ஸ்லைடை மூலை விடாமல் தேடினார். ஒன்றுகூட இல்லை.

பதிவேட்டை எடுத்துப் புரட்டினார்.

"எத்தனை கிராமம் இப்படிப் பாத்திருக்கோம்?"

"ஆறு சார். ஆறையும் திரும்ப எடுக்கணும்."

அவர் வெளியே போய் ஆபீசுக்குப் போன் செய்தார். தப்பு தன்னுடையது என்று சொன்னது இளமதிக்கும் கேட்டது.

அவள் ரத்தத்தைக் குடிப்பது கொக்கிப்புழுதான் என்று தெரிந்ததால், டாக்டரிடம் கேட்டு ஆதிலட்சுமிக்கு அன்றே புழு மாத்திரை கொடுத்தார்கள். சத்து மாத்திரையையும் விடக் கூடாது, வெறுங்காலில் வயலில் இறங்கினால் புழு தோலைத் துளைத்து ஏறும், கரையேறியதும் கால் கழுவிச் செருப்புப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள் இளமதி. வாசல் வரை போன ஆதிலட்சுமி திரும்பினாள்.

"பக்கத்து வூட்டு மங்கம்மாவுக்கும் இதேதான். இட்டுகினு வரட்டா?"

"மாதிரி எடுக்க இந்த டப்பாவை அவங்ககிட்ட குடுங்க. காலையில எட்டு மணிக்கு வரச் சொல்லுங்க. நான் இங்கதான் இருப்பேன்."