குழியில் ஊறிய தண்ணீர்

ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள், பெரம்பலூர் மெயின் ரோட்டில் இருந்த அரியமுத்துவின் லாரிப் பட்டறையை அரை நாளில் வழித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். மனுஷன் அசரவில்லை. ஊருக்குள் தன் வீட்டை ஒட்டிக் கிடந்த மாட்டுக்கொட்டகையைப் பிரித்து, லாரி நுழையும் உயரத்துக்குத் தகரக் கூரை போட்டான். வெல்டிங் மிஷினுக்கு மேடை, ஸ்பானர்களை மாட்ட ஆணியடித்த பலகை, இன்ஜின் தூக்க இரும்பு உத்தரம், எல்லாம் தயார். லாரிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழி மட்டும் பாக்கி. குழி இல்லாத லாரிப் பட்டறை எதற்கு ஆகும்?

அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் பஞ்சநாதன் கறாராகச் சொல்லியிருந்தார். "வெள்ளிக்கிழம வண்டி வரும்யா. குழி இருந்தா என் வண்டியெல்லாம் ஒங்கிட்டதான். இல்லன்னா திருச்சிக்கு அனுப்பிடுவேன், அப்பறம் வந்து மூக்கச் சிந்தாத." அவர் வண்டிகளை விட்டால் அரியமுத்துவுக்கு வேறு கதியில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

புதன்கிழமை, நெஞ்சளவு ஆழத்தில் கடப்பாரை பாறையில் இறங்கியது. பாறை பிளந்து குபுகுபுவென்று தண்ணீர் வந்தது. அட கஷ்டகாலமே! கிணறெல்லாம் வறண்டு, ஊரே ஒரு குடம் தண்ணீருக்கு நாயாய் அலைகிற கோடை. பாழாய்ப்போன தண்ணீருக்கு வர வேறு இடமா கிடைக்கவில்லை? இறைத்து இறைத்துக் கை ஓய்ந்தான். பீடி ஒன்று பிடித்து முடிப்பதற்குள் குழி பழையபடி நிரம்பியது.

வியாழக்கிழமை விடிந்ததும் வாசலில் குடங்கள். எதிர்வீட்டு ஆண்டாயி குழிக்கே கற்பூரம் காட்டினாள். "மகராசன் வூட்டுக்கு மாரியாத்தாளே வந்துட்டா!"

"ஆத்தா வந்தது இருக்கட்டும் சின்னம்மா, நாளைக்கு லாரி வருதே, நான் என்னா செய்வேன்?"

"வேற எடத்துல குழி தோண்டேன் தம்பி."

எங்கே தோண்டுவது? இந்தப் பக்கம் வீட்டுச் சுவர், அந்தப் பக்கம் அடுத்தவன் வேலி. அரியமுத்து டவுனுக்குப் போய் சிமெண்டும் சலவைச் சோடாவும் வாங்கி வந்தான். இரண்டையும் கலந்து பிளவில் அடைத்தால் நொடியில் இறுகிவிடும், கொத்தனார்கள் செய்கிற வேலைதான். ஆனால் திரும்பி வந்தபோது அவன் பெண்டாட்டி கொளஞ்சியம்மாள் குழியோரம் உட்கார்ந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தினம் ஏரிக்கு அந்தப் பக்கம் நடந்து தண்ணீர் சுமந்து இடுப்பொடிந்து, குதிகால் வெடித்தவள், சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள். அரியமுத்து வாங்கி வந்ததை வெல்டிங் மேடைக்குப் பின்னால் ஒளித்து வைத்தான்.

சாயங்காலம் குழியோரம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "திருப்பூருக்கே போயிடலாம் புள்ள. என்னால முடியல."

கொளஞ்சியம்மாள் மேடைப் பக்கம் கை காட்டினாள். "அந்த சிமெண்டு என்னாத்துக்கு?"

சொன்னான். அவள் வாசலில் நின்றிருந்த பெண்களுக்குக் குடம் நிறைய மொண்டு கொடுத்து அனுப்பிவிட்டுத் தகரக் கதவைச் சாத்தினாள். சேலையை இழுத்துச் செருகினாள்.

"எறங்கி எறைங்க. நான் கொழச்சித் தரேன்."

"ஊரு காறித் துப்பும்டி!"

"துப்பட்டும். தண்ணிய எங்கேருந்தாச்சும் நான் சொமந்துக்கிட்டு வந்துருவேன். ஒங்க பட்டறைய எங்கேருந்துங்க சொமக்கறது?"

வெள்ளிக்கிழமை பஞ்சநாதனின் லாரி உள்ளே வந்து நின்றது. குழி காய்ந்திருந்தது. அரியமுத்து அதில் இறங்கி நின்றான். அங்கிருந்து பார்த்தால், சக்கரங்களுக்கு நடுவே வாசலில் வருகிறவர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும்.

"ஊத்துக்கண்ணுல வந்த தண்ணிய அடச்சிட்டியேடா பாவி, வெளங்குவியா நீ!" ஆண்டாயி மண்ணை வாரித் தூற்றினாள். பெண்களின் கால்கள் கூட்டமாக ஏரிப் பக்கம் திரும்பின. கொஞ்சம் பின்னால், வெடித்த குதிகாலோடு இரண்டு கால்கள் தனியே போயின. அவளோடு சேர்ந்து நடக்க ஒருத்தியும் நிற்கவில்லை.