பெரியப்பா வீடு

தெருமுனையிலேயே முருகலட்சுமி அக்கா எங்களை மறித்து, தன் சந்துக்குள் திரும்பவிடாமல் எதிரே இருந்த காரை வீட்டுக்குள் அழைத்துப் போனபோதே எனக்கு விளங்கிவிட்டது. அது அவருடைய செத்துப்போன கணவரின் அண்ணன் பால்சாமியின் வீடு. மூன்று வாரத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதியது சந்துக்குள், தகரக் கூரைக்குக் கீழே. அங்கே நான் நிமிர்ந்தால் தலை இடிக்கும், இத்தனைக்கும் நான் குள்ளம். இங்கே டைல்ஸ் தரை, சுவரை அடைத்துக்கொண்டு டிவி, வாசலில் புது பைக். அக்காவின் மகள் காளீஸ்வரி தலை நிறையப் பூவும் பெரியம்மாவின் சங்கிலியுமாக, தட்டில் காபி கொண்டுவந்து நீட்டினாள். ப்ளஸ் டூவில் எம்.ரெட்டியபட்டி வட்டாரத்திலேயே அதிக மதிப்பெண் வாங்கிய பிள்ளை, காபி சிந்திவிடக் கூடாதே என்று தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க ஆள் வந்தால் இப்படித்தான். சொந்தத்தில் யார் வீடு நல்ல வீடோ அங்கே உட்கார வைப்பார்கள். வந்தவர்களுக்கும் தெரியும், தெரியாத மாதிரி காபி குடித்துவிட்டுப் போவார்கள். அருப்புக்கோட்டையில் என் அக்காவைப் பார்க்க வந்தபோதும் எங்கள் மாமு வீட்டு ஹாலில்தான் ஜமுக்காளம் விரித்தோம். இது யார் வீடு என்று வாய்விட்டுக் கேட்பது மரியாதை இல்லை.

ஆனால் என்னோடு வந்த ரோஷினி பெண் பார்க்க வரவில்லை. வீடு பார்க்க வந்திருந்தாள். அமெரிக்காவில் மென்பொருள் கம்பெனி தொடங்கி, அதை விற்றுக் கோடீஸ்வரரான ஒருவருடைய அறக்கட்டளைக்கு அவள் சென்னை அதிகாரி, நான் அருப்புக்கோட்டைக் களப்பணியாளர். தேர்வாகும் பிள்ளைக்கு நான்கு வருடப் பொறியியல் படிப்பு, விடுதி, மடிக்கணினி எல்லாம் அவர்கள் செலவு. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. போன வருடம் நரிக்குடிப் பக்கம் மட்டும் பதினோரு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். சிபாரிசு என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. அதனால் முடிவை ஒரு செயலியிடம் விட்டிருந்தார். கூரை, தரை, டிவி, வண்டி என்று நாங்கள் படம் எடுத்து அனுப்பினால் அதுவே மதிப்பெண் போடும். வசதி கூடினால் இடம் போச்சு.

முந்தின நாள் போனில் நான்தான் சொன்னேன். "அக்கா, மெட்ராசுல இருந்து மேடம் வாராக. வீட்டக் கொஞ்சம் நல்லா வச்சிருங்க." எல்லோரிடமும் சொல்லும் பேச்சுதான். அந்த வாயை என்ன செய்தால் தகும்?

பால்சாமி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அவர் மனைவி தட்டில் இன்னும் இரண்டு பஜ்ஜி வைத்தார். தம்பி மகளுக்காக வீட்டையே விட்டுக்கொடுத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் "இது ஒங்க வீடு இல்லையேக்கா" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நா எழவில்லை. அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். ரோஷினி சொல்லச் சொல்ல, டேப்லெட்டில் படம் எடுத்தது நான். மின்விசிறியைக்கூட விடவில்லை.

பந்தல்குடி தாண்டியதும் காரில் ரோஷினியிடம் உண்மையைச் சொன்னேன். ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டாள். படங்கள் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தன, திரும்ப எடுக்க வழி இல்லை. நல்ல பெண், அன்றைக்கே தலைமை அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதினாள். பத்து நாளில் பதில் வந்தது. விண்ணப்பதாரர் வேறொருவர் வீட்டைத் தன் வீடாகக் காட்டியிருக்கிறார். பொய்த் தகவல். இனி எந்த ஆண்டும் விண்ணப்பிக்க முடியாது. ரோஷினி அதைப் போனில் படித்துக் காட்டும்போதே அழுதுவிட்டாள். உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் வசதியான வீடு என்று இந்த வருடம் மட்டும் தள்ளியிருப்பார்கள். சொல்லி, நான் அந்தப் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கினேன்.

மறுநாள் சேர் ஆட்டோவில் போனேன். தகரத்தின் கீழே வெக்கை. பறித்துவந்த பருத்தியைக் குவித்து வைத்து, தாயும் மகளும் தூசி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். காளீஸ்வரி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். விண்ணப்பத்தில் இருந்தது அவள் நம்பர். அவளுக்கும் செய்தி போயிருக்கும். தாயிடம் சொல்லவில்லை என்பது முருகலட்சுமி அக்கா சிரித்தபடி எழுந்த விதத்திலேயே தெரிந்தது. வரும் திங்கட்கிழமை நூல் மில் வேலைக்கு வேனில் ஆள் எடுக்கிறார்களாம், அறக்கட்டளையில் பதில் வந்துவிட்டால் அந்த மேஸ்திரியிடம் இவள் வரமாட்டாள் என்று சொல்லிவிடலாம் என்றார்.

"கெடைக்கலக்கா," என்றேன்.

அவர் கையில் இருந்த பருத்தியை மெதுவாகக் கீழே வைத்தார். "ஏம்மா, புள்ளைய அவுகளுக்குப் புடிக்கலையா?"

காளீஸ்வரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. உண்மை தெரிந்தால் மகள் படிப்பைத் தானே கெடுத்துவிட்டதாக இந்தத் தாய் வாழ்நாளெல்லாம் அழுவாள். ஆனால் கெடுத்தது நான். அதையாவது சொல்லியிருக்கலாம், அதற்கும் தைரியம் இல்லை. இந்தத் தடவை நிறையப் பேர் எழுதிப் போட்டிருந்தார்கள், இடம் இல்லை என்று தரையைப் பார்த்தே சொல்லி முடித்தேன்.

முருகலட்சுமி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, எனக்குத்தான் ஆறுதல் தேவை என்பதுபோல என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போகுது விடும்மா. அடுத்த வருசம் அவுக பெரியப்பா மாடி எடுக்காக. மேல ஏசி மாட்டப் போறாகளாம். மேடத்த அங்கன கொண்டுபோயி உக்கார வைப்போம். ஒரு கொற சொல்ல மாட்டாக. என்னடி, செஞ்சிரலாம்ல?"

"செஞ்சிரலாம்மா," என்றாள் காளீஸ்வரி. அவள் விரல்கள் பஞ்சிலிருந்து காய்ந்த இலைத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தன.