நடு வீட்டுக்கு வந்த பாதுகாப்பு

கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் செய்த என் மாமனாரின் தாத்தா, திருவண்ணாமலையில் மூன்று மகன்களுக்கும் ஒட்டினாற்போல மூன்று வீடு கட்டினார். செங்கல் மிச்சமாகட்டும் என்று நடு வீட்டுக்குத் தனியாகப் பக்கச்சுவர் வைக்கவில்லை. அதன் தேக்கு உத்திரங்கள் பக்கத்து வீட்டுச் சுவர்களில்தான் உட்கார்ந்திருந்தன. "அண்ணன் தம்பிக்குள்ள என்னா" என்றாராம்.

2003-இல் புராதனக் கட்டடங்களைக் காக்கும் அதிகாரி விமல்ராஜ் வந்தார். வண்ணக் கண்ணாடி வளைவுகளையும் உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையையும் மெச்சி, நடு வீடான எங்கள் வீட்டை மட்டும் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தார். நானும் பூரித்துப்போய்த் தெரு முழுக்கச் சாக்லேட் கொடுத்தேன்.

கிரிவலக் கூட்டம் ஜாஸ்தியானது. லாட்ஜ் கட்டுவதற்காக இரண்டு பக்கத்துப் பங்காளிகளும் தங்கள் வீடுகளை இடிக்க ஆரம்பித்தார்கள். நான் விமல்ராஜிடம் ஓடினேன்.

"சார், அந்தச் சுவரு ரெண்டும் போச்சுன்னா என் வீடு எதும்மேல நிக்கும்?"

"அது அவங்க பட்டாவுல இருக்குதும்மா. என் ஃபைல்ல உங்க வீடு மட்டும்தான்."

"அப்ப நானே சுவரு எழுப்பிக்கிறேன்."

"புராதன வீட்டுல புதுச் சுவரா? சட்டத்துல இடமில்லைங்க."

"நாலு சவுக்குக் கட்டையாவது முட்டுக் கொடுக்கலாங்களா?"

"தோற்றம் கெட்டுடும்."

இரண்டு சுவர்களும் பாதி இடிபட்டிருந்த நிலையில், ஐப்பசி மழையில் வீடு உட்கார்ந்தது. கோயிலுக்குப் போயிருந்ததால் நாங்கள் பிழைத்தோம். மறுவாரம் தபால் வந்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் முன் அனுமதியின்றி விழுந்ததற்கு, திருமதி கஸ்தூரியாகிய நான் பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டுமாம்.