இரண்டாம் எண் டிராமில் ஒரு முழுச் சுற்று

பல்கேரியாவின் விடின் ஊர்க்காரி கலினாவுக்கு அவள் அம்மா சொல்லி அனுப்பிய புத்தி ஒன்றுதான். "சாப்பாடு இல்லாம ரெண்டு நாள் கெடக்கலாம். பாஸ்போர்ட் இல்லாம ரெண்டு நிமிஷம் இருக்காதே."

பெல்கிரேடில் வந்து இறங்கி ஒரு மணி நேரம் ஆகவில்லை; அந்தப் பாஸ்போர்ட் கை மாறிவிட்டது.

அறை வாடகை மலிவு என்று மூன்று மாடி ஏறி முதுகுப்பையை இறக்கியிருந்தாள். வீட்டுக்காரி தெசாங்கா ஐம்பது தாண்டியவள், கதவை அடைத்து நிற்கும் தோள்கள். இவள் பேசுவது பல்கேரியம், அவள் பேசுவது செர்பியம்; இரண்டும் அக்கா தங்கை மாதிரி. பாதி புரியும், மீதியைக் கை சொல்லிவிடும்.

"பாஸ்போர்ட்டைக் குடு கண்ணு. கெளம்பும்போது வாங்கிக்கோ. போன மாசம் ஒருத்தன் வாடகையும் தரல, போர்வையையும் சுருட்டிட்டுப் போயிட்டான்."

பழுப்புக் கைப்பைக்குள் அது போனதைக் கலினா கண்ணால் பார்த்தாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு புடாபெஸ்ட் பஸ். அது இல்லாமல் எல்லை தாண்ட முடியாது.

"போலீஸ்ல பதிஞ்சு சீட்டு தருவீங்கல்ல?" என்று கேட்டாள். வெளியூர் நாட்டுக்காரர் தங்கினால் வீட்டுக்காரர் போலீஸில் பதிய வேண்டும் என்பது அங்கே சட்டம்.

"தரலாம், தரலாம்."

காபி குடிக்கும்போது மறுபடி கேட்டாள். கோப்பையை வைக்கும்போதும் கேட்டாள். மூன்றாம் தடவை தெசாங்காவின் முகம் இறுகியது. "போய்க் கோட்டையைப் பாரு, ஆத்தைப் பாரு. நான் வீட்டுலதான் இருப்பேன்" என்று வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.

கலினா முக்குக் கடையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பூரேக் என்னும் மடிப்பு ரொட்டி ஒன்று வாங்கி, நின்றபடியே கடித்தாள். இரண்டாம் வாய் வைப்பதற்குள் எதிர்க் கதவு திறந்தது. வீட்டிலேயே இருப்பேன் என்றவள் நல்ல கோட்டு போட்டு, உதட்டுச் சாயம் பூசி, பழுப்புக் கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு விறுவிறு என்று நடக்கிறாள்.

விற்கப் போகிறாள். வேறு எதற்கு இந்த அலங்காரம்?

கோட்டையாவது, ஆறாவது! கலினா பின்தொடர்ந்தாள். தெசாங்கா இரண்டாம் எண் டிராமில் முன்வாசலில் ஏற, இவள் பின்வாசலில் ஏறினாள். தெசாங்கா ஒரு தடவை திரும்பினாள். இவள் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினாள். தெசாங்கா இரண்டாம் தடவை திரும்பினாள். நாடாவை இன்னும் எத்தனை தடவைதான் கட்டுவது?

அந்த டிராமைப் பற்றி ஊராருக்குத் தெரியும், கண்ணுகளா. பழைய நகரத்தைச் சுற்றி ஏறின இடத்திலேயே கொண்டுவந்து விடும். முழுச் சுற்றும் உட்கார்ந்து வருகிறவர்கள் பிள்ளையைத் தூங்கவைக்கிறவர்களும் குடித்துவிட்டுத் தூங்குகிறவர்களும்தான். கலினாவுக்கு அது தெரியாது. கோட்டை மதில் வந்தது, போனது. பாலத்தடியில் ஆறு பளபளத்தது. மணிக்கூண்டு, சந்தை, சிலை எல்லாம் ஜன்னலில் ஓடின. காசு சேர்த்து எதைப் பார்க்க வந்தாளோ அதெல்லாம் கடந்துபோயின. அவள் பார்த்தது ஒரு பழுப்புப் பையை மட்டும். தெசாங்காவோ எந்த நிறுத்தத்திலும் இறங்கவில்லை.

திடீரென்று அதே பூரேக் கடை. ஏறின இடத்துக்கே வந்திருக்கிறோம். போக ஓர் இடம் இல்லாதவள் எதற்கு ஏறினாள்?

தெசாங்கா எழுந்து நேராக வந்து, பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எறங்க மாட்டியா?"

"நீங்க எறங்கினா எறங்குவேன்."

"அதானே பாத்தேன்! சும்மா வர்றவ ஒரு சுத்து முழுசா வருவாளா? சொல்லுடி, எந்த ஆபீஸு? வாடகைக்கு வரி கட்டலன்னு பிடிக்க வந்த வரி ஆபீஸா?"

"என்னது?"

"சீட்டு, சீட்டுன்னு மூணு தடவ கேட்டியே! ஊர் சுத்த வந்த பிள்ளை எவளாவது அப்படிக் கேப்பாளா?"

முன் இருக்கைக் கிழவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "ஏம்மா, இவ்வளவு அழுக்கு ஷூவோட வரி ஆபீஸ்காரி யாரையும் நான் பாத்ததில்ல."

"நீங்க பேப்பரப் படிங்க!" என்றாள் தெசாங்கா.

"என் பாஸ்போர்ட்டை விக்கத்தானே போறீங்க?" கலினா பழுப்புப் பையைக் காட்டினாள்.

தெசாங்கா வாயைப் பிளந்தாள். "விக்கவா? போலீசுக்குப் போய்ப் பதியத்தான்டி கெளம்பினேன்! நீ பின்னாலயே வரவும், முன்னாடி தங்கினவங்களப் பதியாம விட்டதுக்குப் பிடிச்சிடுவியோன்னு எறங்கவே பயமா இருந்துச்சு."

அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கினார்கள். போலீஸ் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் தாளை நிரப்பி முத்திரை குத்தினார். பிறகு கலினாவைப் பார்த்தார். "அந்த ரூம்ல உனக்கு முன்னாடி யாராச்சும் தங்கியிருந்தாங்களா?"

தெசாங்காவின் விரல்கள் கைப்பை வாரை முறுக்கின. போர்வையைச் சுருட்டிக்கொண்டு ஓடியவன் கலினாவின் நினைவுக்கு வந்தான். பாஸ்போர்ட் இன்னும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

"நான் இன்னைக்குத்தான் வந்தேன் சார். எனக்கென்ன தெரியும்?"

அவர் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் தள்ளினார்.

வாசலுக்கு வந்ததும் கலினா சுவரில் சாய்ந்து, பாஸ்போர்ட்டைப் படத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். தெசாங்கா கைகட்டி நின்றாள்.

"எல்லாம் இருக்கா?"

"இருக்கு."

"நல்லாப் பாத்துக்கோ கண்ணு, தப்பில்ல. நானும் வீட்டுக்குப் போய் என் ஸ்பூனையெல்லாம் எண்ணத்தான் போறேன்."