மேலே அழைக்கப்பட்ட ஜனார்த்தன்

மல்வேர்ன் கிரிக்கெட் கழகம் யூனியன்வில் கழகத்தின் ‘இணைக் கழகம்’ ஆனது ஏப்ரலில், ஒரு விருந்து மண்டபத்து மேடையில். யூனியன்வில் தலைவர் நவரட்ணம் முக்கால் மணித்தியாலம் பேசினார். பேஸ்போலில் பெரிய அணிகள் சின்ன அணிகளை இப்படித்தான் வைத்திருக்கின்றனவாம். மைதானமும் பெயரும் சின்னவர்களுக்கு, ஆட்டக்காரர்கள் பெரியவர்களுக்கு. தேவைப்படும்போது மேலே அழைத்துக்கொள்வார்களாம். ஒரே கைதட்டல். மல்வேர்ன் தலைவர் துஷாந்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திய கையோடு பேனையையும் நீட்டினார்கள். பொன்னாடைக்குள் நிற்கிற மனிதன் ஒப்பந்தம் வாசித்ததாக எங்கள் சனத்தின் சரித்திரத்தில் இல்லை. துஷாந்தும் வாசிக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு மல்வேர்னுக்கு வாழ்வா சாவா ஆட்டம். தோற்றால் முதலாம் பிரிவிலிருந்து இறக்கிவிடுவார்கள். சனிக்கிழமை நவரட்ணத்திடமிருந்து செய்தி வந்தது: உங்கள் வேகப்பந்து வீச்சாளர் ஜனார்த்தன் நாளைக்கு மேலே அழைக்கப்படுகிறார். வாழ்த்துகள்.

ஞாயிறு காலை துஷாந்த் நேரே யூனியன்வில் மைதானத்துக்குக் காரை விட்டான். அந்தக் கோடையில் முப்பத்தொரு விக்கெட் எடுத்த ஜனார்த்தன் அங்கே பன்னிரண்டாம் ஆள். தண்ணீர்ப் பெட்டி சுமந்து முடித்து, நவரட்ணத்தின் கதிரைக்கு மேலே கூடாரம் அடித்துக்கொண்டிருந்தான்.

“கூடாரம் அடிக்கவோ அண்ணை இவனைக் கூப்பிட்டனீங்கள்?”

“உது அனுபவம், தம்பி. பெரிய இடத்துப் பழக்கவழக்கத்தைப் பாக்கட்டும். பேஸ்போலிலையும்...”

“பேஸ்போலில பெரிய ரீம்தான் சின்ன ரீமின்ர ஆக்களுக்குச் சம்பளம் குடுக்குது! கோச்சுக்கும் குடுக்குது. நீங்கள் என்ன தந்தனீங்கள்? ஒரு பொன்னாடை. அதுவும் சாயம் போகுது.”

“கையெழுத்து வைச்சது நீர்தானே?”

“ஓம், வைச்சனான். மடையன் நான்!”

ஜனார்த்தன் சுத்தியலைக் கீழே வைத்தான். யூனியன்வில் சட்டையைக் கழற்றி, மடிக்காமல் நவரட்ணத்தின் மடியில் போட்டான்.

நவரட்ணம் துள்ளி எழுந்தார். “இப்ப போனீரெண்டால் வாற வருசம் முழுக்க ஓரிடமும் விளையாடேலாது. ஒப்பந்தத்தில ஒன்பதாம் சரத்து, வாசிச்சுப் பாரும்!”

“வாசிக்கிறன் அங்கிள். வாற வருசம் நேரம் கிடக்கும்தானே.”

காரில் ஏறியும் துஷாந்த் அடங்கவில்லை. ஸ்ரியரிங்கைக் குத்திக் குத்தித் திட்டினான்.

“அண்ணை, ரோட்டைப் பாத்துத் திட்டுங்கோ. டாஸுக்கு இருவது நிமிசம்தான் கிடக்கு.”

அன்று ஜனார்த்தன் ஐந்து விக்கெட் எடுத்தான். மல்வேர்ன் முதலாம் பிரிவில் தங்கியது. திங்கட்கிழமையே அவனுக்குத் தடைக் கடிதம் வந்தது. தடை ஒரு வரி. அதற்குக் கீழே நவரட்ணத்தின் பட்டங்கள் நான்கு வரி.