பாறைப் பெரணிக்கு வைத்த பெயர்

பேராசிரியர் ஷென் எங்கள் புனுன் பழங்குடி ஊருக்கு மலையேறி வந்ததே, செத்துப்போன என் அண்ணன் ஹைசுலுக்கு மரியாதை செய்யத்தான். அதனாலேயே எனக்குக் கோபம் இரண்டு மடங்கு. கெட்ட மனிதர் என்றால் கதவைச் சாத்திவிடலாம்.

தைவான் காடுகளில் செடி தேடி அலைந்த அவருக்கு இருபது வருடம் வழி காட்டியவன் அண்ணன். போன புயல் மாதத்தில் ஒரு பெரணியைப் பறிக்கப் பாறையேறி, விழுந்து செத்தான். அவன் பையில் கிடந்த செடி இதுவரை யாரும் பெயர் வைக்காத இனமாம். அதற்கு அவன் பெயரையே வைத்திருப்பதாகச் சொல்லி ஷென் ஒரு தாளை நீட்டினார். நாளை மறுநாள் அச்சுக்குப் போகிறது.

எனக்கு லத்தீன் தெரியாது. "வாசிங்க," என்றேன்.

கடைசிச் சொல் "தியெனி" என்று வந்தது.

அவருக்கு ஊற்றி வைத்த தினை மதுவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "யாருங்க அந்தத் தியென்?"

"உங்க குடும்பப் பேர்தானேம்மா? லத்தீன்ல கடைசியில ஒரு 'இ' சேரும்."

"எங்க பேரா! ஜப்பான்காரன் போனதும் எங்களுக்கெல்லாம் சீனப் பேர் எழுதக் கீழேருந்து ஒரு குமாஸ்தா வந்தான். காலையில எங்கப்பாவுக்குத் தியென்னு எழுதினான். மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து, கூடப் பிறந்த சித்தப்பாவுக்கு ஜின்னு எழுதினான். ஒரே வயித்துல பிறந்தவங்க ரெண்டு குடும்பமாயிட்டாங்க! அந்தச் சோம்பேறி வெச்ச பேரையா என் அண்ணனுக்குக் குடுக்கறீங்க? காட்டுல அவனை என்னன்னு கூப்பிட்டீங்க?"

"ஹைசுல்னுதான்."

"அப்போ அந்தப் பேர் மூட்டை தூக்க மட்டும்தானா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "அச்சானா யாராலயும் மாத்த முடியாது. இன்னும் ஆகலை, மாத்திடலாம். ஆனா நான் எந்த ஆபீஸ்லயும் கேட்டு எழுதலைம்மா. போன மாசம் கல்லறைக்குப் போனேன். கல்லுல இருந்ததைப் பார்த்துதான் எழுதினேன்."

அந்தக் கல்லை வைத்தவள் நான். கல் செதுக்குபவர் பெயர் கேட்டபோது அழுதுகொண்டே குடும்பப் பதிவேட்டை நீட்டியவளும் நான்தான். ஞாயிறுதோறும் அதன்முன் பூ வைக்கிறேன். ஒரு நாளாவது உறைத்ததா? அந்தக் குமாஸ்தா செத்து மண்ணாகியிருப்பான். அவன் மிச்சம் வைத்த வேலையைக் கூலி கொடுத்து முடித்திருக்கிறேன், பாவி.

"பேனாவை எடுங்க," என்றேன். அவர் தியெனியை அடித்துவிட்டு ஹைசுலி என்று எழுதினார். இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பிறகு பின்கட்டுக்குப் போய்ச் சுத்தியலையும் உளியையும் எடுத்து வந்தேன்.

"மழை வர்ற மாதிரி இருக்கேம்மா."

"வரட்டும். உங்களுக்கு ஒரு கோடு போதும். எனக்குக் கல்லு."

கல்லறையில் முதல் அடியிலேயே தியென்னில் பாதி உதிர்ந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது, அதுவும் என்மேல். இன்னும் ஓங்கி அடித்தேன்.