பி பிளாக் ஓடு கழற்றிய கோடை

எங்கள் பி பிளாக் நண்டு மாதிரி ஓடு கழற்றும் வகைக் கட்டடம். எதிரே நிற்கும் ஏ பிளாக் மரம் மாதிரி பட்டை வளர்க்கும் வகை. வீடு ஒதுக்கும்போது எது வேண்டும் என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. குலுக்கலில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பி பிளாக் இரண்டாவது மாடி விழுந்தது.

இரண்டிலும் நல்லதும் கெட்டதும் உண்டு. ஏ பிளாக் உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே போகும். பழைய பட்டை வெளியே தள்ளப்பட்டு, வெடித்து உதிரும். காலையில் கூட்டி அள்ளிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் வாசலில் ஆணியடித்து மாட்டிய பெயர்ப்பலகைகளைப் பட்டை மெல்ல மூடிக்கொண்டுவிடும். அங்கே முதலில் குடிவந்தவர்களின் பெயரெல்லாம் இப்போது சுவருக்கு உள்ளே இருக்கிறது.

எங்களுடையது அப்படி இல்லை. ஓடு ஒருமுறை இறுகிவிட்டால் இறுகியதுதான். உள்ளே பிள்ளை பிறந்தாலும் சரி, மருமகள் வந்தாலும் சரி, ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்காது. வளர வேண்டுமானால் கட்டடம் ஓட்டை விட்டு வெளியே வர வேண்டும். வந்தபின் சில நாள் இளநீர் வழுக்கை மாதிரி மெத்தென்று இருக்கும். அந்த நாட்களில் தண்ணீர் குடித்து எவ்வளவு உப்புகிறதோ, அதுதான் அடுத்த ஓட்டின் அளவு.

போன முறை அது உப்பவே இல்லை. மெத்தென்று இருக்கிறதே, காக்கை கொத்திவிடுமே என்று பயந்து, சங்கச் செயலாளர் தணிகாசலம் கட்டடத்துக்குத் தார்ப்பாய் போர்த்திக் கயிறு போட்டுக் கட்டச் சொன்னார். நாங்களும் கூடநின்று இழுத்துக் கட்டினோம். அவ்வளவு அக்கறை. குடித்த தண்ணீர் போக இடமில்லாமல் மாடிப்படி வழியாகவே திரும்பி வந்தது. கட்டடம் பழைய அளவிலேயே இறுகிப்போனது. கயிற்றின் தடம் எங்கள் கூடத்துச் சுவரில் வரிவரியாகப் புடைத்து நின்றது. அதில் ஒன்றின் மேல் என் வீட்டுக்காரர் சீப்பு வைத்துக்கொண்டார்.

இந்த முறை எனக்கு ஓர் அறை கட்டாயம் வேண்டும். என் தங்கை பூங்கோதை தன் இரண்டு பெண்களோடு கணவன் வீட்டைவிட்டு வரப்போகிறாள். அந்த வீட்டில் அவள் உரக்கச் சிரிக்கக் கூடாது, ஜன்னலோரம் நிற்கக் கூடாது, ஒன்று வேண்டும் என்று கேட்கக் கூடாது. எங்களிடம் இருப்பதோ ஒரு கூடமும் ஒரு சமையலறையும். வருகிறவள் நான்கு நாள் சுருண்டு படுப்பாள். ஐந்தாம் நாள், அக்காவுக்கு எதற்குப் பாரம் என்று பையைத் தூக்கிக்கொண்டு அவனிடமே போய்விடுவாள். முன்பே இரண்டு முறை அப்படித்தான் போனாள்.

வெயில் ஏறியதும் கட்டடம் சாப்பாட்டை நிறுத்தியது. விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது, கரண்ட் மீட்டர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு பின்சுவரில், அடியிலிருந்து மொட்டைமாடி வரை, அடிக்கோல் வைத்துக் கிழித்தாற்போல் ஒரு நேர்கோடு விழுந்தது. நாங்கள் பாத்திரம் பண்டங்களோடு கீழே இறங்கினோம். மறுநாள் காலை பி பிளாக் அந்தக் கோட்டின் வழியாகப் பின்பக்கமாக, அவசரப்படாமல் வெளியே வந்து, பக்கத்து மைதானத்தில் உட்கார்ந்தது. பழைய ஓடு அதே இடத்தில் காலியாக நின்றது. ஜன்னல், படிக்கட்டு, மூலையில் ஒட்டடை, எதுவும் குறையவில்லை. நாங்கள் அதிலேயே திரும்பக் குடியேறினோம். காற்றடித்தால் லேசாக முனகும். கூரியர்க்காரர் அதில் ஏறி வந்துதான் பார்சல் கொடுத்துவிட்டுப் போனார்.

பூங்கோதை அன்றுதான் வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"பசிக்கல அக்கா."

"ரயில்ல ஏதாவது சாப்ட்டியா?"

"இல்ல. கொஞ்ச நாளாவே பசிக்கல."

கொண்டுவந்த பையை அவள் பிரிக்கவே இல்லை. சுவரோரம் அப்படியே வைத்திருந்தாள். நான் அந்தப் பையைப் பார்த்தபடியே ரசத்தை மூடிவைத்தேன்.

அன்று பிற்பகல் தணிகாசலம் தோளில் கயிற்றுச் சுருளோடு வந்து நின்றார்.

"போன தபா கட்னதாலதான் ஒரு கீறல் இல்லாம வந்துச்சு," என்றார்.

"கீறலும் இல்ல, எடமும் இல்ல," என்றேன்.

"காக்கா கொத்திச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?"

அவர் கேட்பதிலும் நியாயம் இருந்தது. அதற்கு முந்தைய முறை காக்கை கொத்தியதில் அவர் குளியலறைக் கூரையில் ஓட்டை விழுந்து, அப்படியே இறுகிவிட்டது. போன முறை கயிறு கட்டியபோதும் அந்த ஓட்டை அடைபடவில்லை. அவர் மனைவி குடை பிடித்துக்கொண்டுதான் குளிக்கிறார்.

"கயிறு வேணாம். நாங்க சுத்தி நிக்கிறோம். ஒரு காக்காகூட உள்ள வராது," என்றேன்.

அவர் நம்பவில்லை. ஆனாலும் கயிற்றைத் தோளிலேயே வைத்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றார். பி பிளாக்கின் மொத்தக் குடும்பங்களும் கட்டடத்தைச் சுற்றிக் கைகோத்து நின்றோம். பூங்கோதை என் இடக்கையைப் பிடித்திருந்தாள். அவள் பிடி கல்லாக இருந்தது.

மறுநாள் தண்ணீர் லாரி வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. டிரைவருக்குப் போன் போட்டேன்.

"வர்ற வழியில ஒரு கல்யாண மண்டபம் ஓட்டக் கழட்டிட்டு ரோட்டோரமா உக்காந்திருந்துச்சு மேடம். மொத்தத் தண்ணியையும் அதுவே குடிச்சிருச்சு."

"அடுத்த லோடு?"

"நாளைக்குத்தான்."

நாளைக்கு அர்த்தமே இல்லை. உச்சி வெயிலில் சுவரின் அடிப்பக்கம் ஏற்கெனவே இறுக ஆரம்பித்திருந்தது. காலையில் விரல் வைத்தால் குழி விழுந்த இடத்தில் இப்போது விழவில்லை. கேட்க யாருமில்லாத ஊரில் நிற்பது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் பூங்கோதையைக் காணோம். அவள் தெருவைக் கடந்து ஏ பிளாக் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

ஏ பிளாக்கில் எல்லாம் ரூத்தம்மா வைத்ததுதான் சட்டம். அந்தக் கட்டடம் வேர்விட்டுக் குடிப்பது. எந்த வெயிலிலும் அதன் பட்டை ஒரு சொட்டை வெளியே விடாது. அதனால் அவர்கள் தொட்டி எப்போதும் நிறைந்திருக்கும். ரூத்தம்மா படியில் உட்கார்ந்து பட்டைச் செதில்களை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"உங்க வீடு நெனச்சா சட்டையக் கழட்டிட்டு நடுத்தெருவுல நிக்கும். தண்ணிக்கு மட்டும் எங்க வாசலாக்கும்?" என்றார்.

"ஆமாங்க. எங்களுக்கு வேணும்," என்றாள் பூங்கோதை.

என் தங்கை ஒன்று வேண்டும் என்று கேட்டதை நான் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. ரூத்தம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"ஓஸ் பைப்பு நீளம் போதுமா பாரு. பத்தலைன்னா எங்க வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு."

பி பிளாக் குடிக்கத் தொடங்கியது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு புளித்த மாவு மாதிரி நாலாப்பக்கமும் பொங்கியது. நாங்கள் ஓரடி பின்னால் போனோம். இன்னும் ஓரடி. வட்டம் போதாமல் கைகள் விட்டுப்போயின. இடைவெளி பார்த்து ஒரு காக்கை மதில்மேல் வந்து உட்கார்ந்தது. ஏ பிளாக்காரர்கள் இறங்கிவந்து நடுநடுவே நின்றார்கள். அப்படியும் ஒரு இடத்தில் ஆள் பற்றவில்லை. தணிகாசலம் தோளிலிருந்த கயிற்றைப் பிரித்து ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறுமுனையை ரூத்தம்மாவிடம் கொடுத்து ஆட்டச் சொன்னார். காக்கை எழுந்து போய்விட்டது.

சாயங்காலம் ஏ பிளாக் மொட்டைமாடி இலைகள் எல்லாம் தொங்கிக் கிடந்தன. நான் ரூத்தம்மாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஒரு மழை பேஞ்சா நிமுந்துக்கும். நீ போய்ப் பிள்ளைங்களப் பாரு," என்றார்.

ஓடு இறுகியதும் நாங்கள் புதுக் கட்டடத்துக்கு மாறினோம். சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை வந்திருந்தது. அதன் ஜன்னல், தூரத்தில் ஆறு கடலில் சேரும் கழிமுகத்தைப் பார்த்து இருந்தது. கூடத்துச் சுவர் வழுவழுவென்று ஆகிவிட்டதால், பழக்கதோஷத்தில் என் வீட்டுக்காரர் வைத்த சீப்பு கீழே விழுந்தது. தணிகாசலத்தின் மனைவி குடையை மடித்துப் பரணில் போட்டார். கட்டடம் தன் பழைய ஓட்டை, படிக்கட்டிலிருந்து தொடங்கி, தின்று முடித்தது. கரண்ட் மீட்டர் மறுபடி ஓடியது.

பூங்கோதை மட்டும் இன்னும் சாப்பிடவில்லை. புது அறையில் பையைப் பிரிக்காமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு பாடுபட்டும் இவள் போய்விடுவாளோ என்று நான் சமையலறையில் நின்று அழுதேன். அப்போது உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, முதுகுல என்னமோ இழுக்குது. கொஞ்சம் வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். பிடரியிலிருந்து இடுப்பு வரை, அடிக்கோல் வைத்துக் கிழித்தாற்போல் ஒரு நேர்கோடு விழுந்திருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல. இறுக்கமா இருக்கு."

நான் பிள்ளைகளை ஜன்னலண்டை நின்று காக்கையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். கூடத்து ஜன்னலில் நின்று நான் கூவியதும், எதிர் வாசலில் ரூத்தம்மா ஓஸை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தணிகாசலம் கயிறு இல்லாமல் வெறுங்கையோடு மாடியேறி வந்தார். நான் அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே காய்ந்த ஏதோ ஒன்று தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு பூங்கோதை முதல் குடம் தண்ணீரைக் கேட்டாள்.

அவள் எவ்வளவு பெரிதாக வருவாள் என்று யாருக்கும் தெரியாததால், என் வீட்டுக்காரர் அறைக்கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார்.